வந்தவரும் வாராதவரும்

விடிந்தும் விடியாத வேளையில் வீராம்பட்டினத்துக் கடற்கரையில் மீன் ஏலம் தொடங்கிவிடும். ஏலத்தில் எடுத்த மீனைக் கூடையில் அடுக்கிக்கொண்டு எங்கள் ஊர்ப் பெண்கள் புதுவை நகரத்துக்குப் புறப்படுவார்கள். அவர்களுள் பலர் பள்ளிக்கூடத்தில் நெடுநாள் உட்கார்ந்தவர்கள் அல்லர். ஆயினும் எந்தத் தெருவில், எந்த வீட்டில், யாருக்கு என்ன மீன் வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். இந்த வீட்டில் மகள் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள். அவளுக்குப் பால் சுறா கொடுக்கவேண்டும். அந்த வீட்டுப் பெரியவருக்குப் பல் இல்லை. முள் குறைந்ததாகப் பார்த்து ஒதுக்கவேண்டும். கூடையில் இருப்பது நேற்றைய மீனாக இருந்தால், “இது உனக்கு வேணாம்மா, நாளைக்கு நல்லதாக் கொண்டாரேன்” என்று சொல்லி நகர்ந்துவிடுவாள் ஒருத்தி. அன்றைய விற்பனை ஒன்று போயிற்று. பத்தாண்டு வாடிக்கை நிலைத்தது.

இவளிடம் இருக்கும் அறிவை ஒரு பெரிய வியாபார நிறுவனம் முழுவதும் பெறுவது எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். வாடிக்கைக்காரரை நடுவில் வைத்துத் தொழில் நடத்தும் பண்பாடு என்று இக்காலத்தார் இதற்குப் பெயர் சொல்லுகிறார்கள். பெயர் நீளமானது, விஷயம் பழையது. ஆனால் எளிதன்று. ஏன் எளிதன்று என்பதை முதலில் பார்ப்போம்.

கூடைக்காரி தனி ஒருத்தி. மீனை வாங்குபவளும் அவளே, விற்பவளும் அவளே, கணக்கு வைப்பவளும் அவளே. கெட்டதைக் கொடுத்தால் மறுநாள் வாசலில் நின்று வசவு கேட்பவளும் அவளே. ஒரு நிறுவனம் வளர வளர இந்த ஓர் ஆள் நூறு ஆளாகப் பிரிந்துபோகிறார். சரக்கு வாங்குபவர் ஒருவர், விற்பவர் வேறொருவர், குறை கேட்க ஒரு மேஜை, முடிவு செய்ய மாடியில் ஓர் அறை. வாங்க வந்தவர் முகத்தைப் பார்க்கும் கண் ஓரிடத்தில் இருக்கிறது. முடிவு சொல்லும் வாய் வேறிடத்தில் இருக்கிறது. இடையில் எத்தனையோ படிகள். அந்தப் படிகளில் ஏறி மேலே போய்ச் சேர்வதற்குள் வாடிக்கைக்காரரின் முகம் தேய்ந்து, வெறும் எண்ணாகிவிடுகிறது.

இதற்கு மருந்தாகப் பலரும் செய்வது ஒன்றுண்டு. வாடிக்கைக்காரரே நம் இடத்துக்கு வரும் முதன்மையான விருந்தினர் என்ற கருத்துடைய ஒரு வாசகத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்கள். கீழே காந்தியடிகளின் பெயர் இருக்கும். அவருடைய எழுத்துக்களிலும் பேச்சுக்களிலும் தேடிப் பார்த்த அறிஞர்களுக்கு அது அகப்படவில்லை. ஏறத்தாழ அதே கருத்து 1940-களில் அமெரிக்க மோட்டார்க் கம்பெனி அதிகாரி ஒருவரின் பெயரில் அச்சாகியிருக்கிறது. யார் சொன்னால் என்ன, நல்ல கருத்துத்தானே என்று கேட்கலாம். நல்ல கருத்துத்தான். ஆனால் அந்தப் பலகை தொங்கும் இடங்களில் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். ஓர் அலுவலகத்தில், அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை, எங்கள் ஊர் விதவை ஒருத்திக்குத் துணையாக மூன்று நாள் போய்வந்தேன். முதல் நாள் ஒரு தாள் குறைவு என்றார்கள். இரண்டாம் நாள் வேறொரு தாள். மூன்றாம் நாள் முதல் தாளின் நகல். மூன்றையும் முதல் நாளே ஒருசேரச் சொல்லியிருக்கலாம். சொல்லாமைக்குக் காரணம் கொடுமை அன்று. அங்கிருந்த இளைஞர் நயமாகத்தான் பேசினார். அந்தப் பெண் வந்து போவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் மீன் வியாபாரம் செலவாகிறது என்பது அந்த அலுவலகத்தின் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அவ்வளவே.

இங்கே நான் ஒரு வேறுபாட்டை வற்புறுத்த விரும்புகிறேன். இன்சொல் வேறு, வாடிக்கைக்காரரை முன்வைத்தல் வேறு. இன்சொல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சிப்பந்திகளுக்குப் புன்னகை செய்யப் பயிற்சி கொடுத்துவிட்டு வேலையை ஒழுங்கு செய்யாமல் விடும் நிறுவனம், ஓட்டைப் படகுக்கு வண்ணம் பூசுகிறது.

நம் தமிழ்நாட்டில் இதை நன்கு உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். திருக்குறுங்குடியில் 1877-ஆம் ஆண்டு பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், வக்கீல் தொழிலையும், ரெயில்வே உத்தியோகத்தையும், பாங்கி வேலையையும் பார்த்துவிட்டு, 1912-ல் பஸ் தொழிலில் இறங்கினார். ஆள் நிரம்பினால் வண்டி புறப்படும், நிரம்பாவிட்டால் நிற்கும் என்பதே அந்நாளில் தனியார் பஸ்களின் பொது வழக்கம். வண்டிக்காரருக்கு அது இலாபம். பிரயாணிக்கு அவருடைய பொழுது நஷ்டம். ஐயங்காருடைய டி.வி.எஸ். வண்டிகளோ குறித்த நேரத்தில் புறப்பட்டன. அந்த வண்டி போவதைப் பார்த்து ஊரார் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார்கள் என்று மதுரைப் பக்கத்தில் முதியவர்கள் இன்றும் சொல்வதுண்டு.

கதையை எல்லாரும் சொல்லுகிறார்கள்; அதன் பின்னால் இருந்த வேலையைச் சொல்வோர் குறைவு. கண்டக்டர் நல்லவராக இருப்பதால் பஸ் நேரத்துக்குப் புறப்படாது. முந்திய இரவு பட்டறையில் ஒருவர் பிரேக்கைச் சரிபார்த்திருக்க வேண்டும். தேய்ந்த டயருக்கு மாற்று ஆயத்தமாக இருக்கவேண்டும். ஆகையால் அந்த நிறுவனம் பட்டறைகளைக் கட்டியது. தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் வார்க்கும் தொழிலைத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. பெட்ரோலுக்குப் பதிலாகக் கரிவாயுவில் வண்டி ஓட்டும் கருவியைத் தாங்களே வடிவமைத்துச் செய்தார்கள். பிரயாணி இவற்றுள் எதையும் கண்ணால் கண்டவர் அல்லர். அவர் கண்டது ஆறு மணி என்றால் ஆறு மணி என்பதை மட்டுமே. 1955-ல் ஐயங்கார் காலமானார். 1970-களின் தொடக்கத்தில் அந்தப் பஸ்கள் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கைக்கு மாறின. கதை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கால அட்டவணை என்பது முன்பின் அறியாத ஒருவருக்கு எழுதிக் கொடுத்த வாக்கு. அந்த வாக்கைக் காப்பாற்றுவது பட்டறையில் எண்ணெய் படிந்த கையோடு நிற்பவரின் வேலை என்று அவருக்கே தெரிந்திருப்பதுதான் நான் சொல்லும் பண்பாடு. வாடிக்கைக்காரரை ஒருநாளும் நேரில் காணாத சிப்பந்தியிடத்திலேதான் அதைச் சோதித்துப் பார்க்கவேண்டும்.

புதுவையின் பழைய வாணிகத்திலும் இதற்குச் சான்று உண்டு. எங்கள் ஊரை அடுத்த அரிக்கமேட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரி வாணிகம் நடந்ததை 1945-ல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வு உலகறியச் செய்தது. நான் சொல்ல வந்தது அதற்கு மிகப் பிற்பட்ட காலத்துச் செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுவையிலிருந்து நீலச் சாயமிட்ட பருத்தித் துணி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குச் சென்றது. ‘கினே’ என்று பிரெஞ்சுக்காரர் அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாணிகத்துக்கு அத்துணியே நாணயம் போல வழங்கியது. பிரான்சில் ரூவான் நகரத்து ஆலைக்காரர்கள் அதைப் போலவே நெய்து அனுப்பிப் பார்த்தார்கள். பார்வைக்கு ஒன்றாக இருந்தும் ஆற்றங்கரைக்காரர்கள் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். புதுவைத் துணியின் தடிப்பும் மினுக்கும் அவுரியின் மணமும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. துணிக்கு மணம் எதற்கு என்று ரூவானில் இருந்தவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். வாங்குபவர் எதை விலையாகவும் எதைச் சரக்காகவும் கருதுகிறார் என்பதை அவரிடம் கேட்டே அறியவேண்டும். நெசவுத் தறியைக் கேட்டு அறிய இயலாது.

இதுவரை சொன்னவை, வந்து நின்ற வாடிக்கைக்காரரைப் பற்றியவை. வாராதவர் ஒருவர் இருக்கிறாரே, அவரைப் பற்றி யார் நினைக்கிறார்கள்? பெரும்பாலான கடைக்காரர்கள் நினைப்பதில்லை. வாராதவர் புத்தகத்தில் பற்று எழுதுவதில்லை. குறை எழுதுவதும் இல்லை. அவரை நினைத்த ஒரு நிறுவனத்தின் வரலாற்றை இனிச் சற்று விரிவாகவே சொல்லப்போகிறேன். அது மருத்துவமனை. ஆனாலும் தன் வரவிலேயே தன் செலவைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவமனை. ஆகையால் வியாபாரத்தைப் பற்றிய பேச்சில் அதற்கு இடம் உண்டு.

கடலூர்ச் சாலையில் அரியாங்குப்பத்தைக் கடந்து சென்றால் தவளக்குப்பம் வரும். அங்கே 2003-ஆம் ஆண்டு முதல் அரவிந்த் கண் மருத்துவமனை நடந்து வருகிறது. அதன் மூலம் மதுரையில் இருக்கிறது. பெயரின் மூலமோ நம் புதுவையிலே இருக்கிறது. மதுரையில் அதைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, ஸ்ரீ அரவிந்தரிடத்தும் அன்னையிடத்தும் ஈடுபாடு கொண்டவர். இராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களைப் பழக்கி ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 1976-ல், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், உடன்பிறந்தாரையும் அவர்தம் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டு, வீட்டை ஈடு வைத்துப் பதினொரு படுக்கைகளோடு மருத்துவமனையைத் திறந்தார். ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியபின் திண்ணையில் உட்காரும் என் போன்றவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

கண்ணில் புரை விழுந்தால் அது தானே கலையாது. அறுவை ஒன்றே வழி. அதைச் செய்தால் பெரும்பாலோர்க்குப் பார்வை திரும்பும். எங்கள் ஊரில் இதன் பொருள் என்ன என்று சொல்லுகிறேன். கடலுக்குப் போக முடியாத வயதில் மீனவர் கரையில் உட்கார்ந்து வலை பின்னுவார், கிழிசலை முடிவார். கண் மங்கினால் வலைக் கண் தெரியாது. அன்று முதல் அவர் உழைப்பவர் வரிசையிலிருந்து நீங்கி, மருமகள் கையை எதிர்பார்ப்பவர் வரிசையில் சேர்ந்துவிடுகிறார். அரை மணி நேரம்கூடப் பிடிக்காத ஓர் அறுவை அவரை மறுபடி வலையண்டையில் உட்காரவைக்கும். ஆகவே, இலவசமாகச் செய்கிறோம் என்று சொன்னாலே கூட்டம் கூடிவிடும் என்று யாரும் நினைப்பார்கள்.

கூடவில்லை. முகாம்களில் பரிசோதித்து, ‘உனக்கு அறுவை வேண்டும், மருத்துவமனைக்கு வா’ என்று சொல்லியனுப்பியவர்களில் பெரும்பகுதியினர் வரவே இல்லை. இந்த இடத்தில்தான் ஒரு நிறுவனத்தின் குணம் வெளிப்படும். ‘நாம் இலவசமாகவே கொடுக்கிறோம், அவர்களுக்கு அக்கறை இல்லை, படிப்பில்லாத மக்கள்’ என்று சொல்லிக் கோப்பை மூடிவிடலாம். அப்படிச் சொல்வோரை நான் நிறையக் கண்டிருக்கிறேன், பள்ளிக்கூடத்திலும் கண்டிருக்கிறேன். பிள்ளை வரவில்லை என்றால் பெற்றோருக்குப் பொறுப்பில்லை என்று பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவது எளிது.

அரவிந்த் மருத்துவமனையார் வாராதவர்களைத் தேடிப்போய்க் கேட்டார்கள். கிடைத்த விடைகள் எளியவை. பஸ்ஸுக்குக் காசில்லை. போன இடத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? துணைக்கு வர ஆளில்லை. வருபவருக்கு அன்றைய கூலி போய்விடும். வீட்டை விட்டு வர முடியாது. கத்தி வைப்பார்கள் என்ற அச்சம். இன்னும் சிறிது தெரிகிறதே, அது போதும் என்ற மனநிறைவு. அறுவை இலவசம் என்று மருத்துவமனை நினைத்தது. நோயாளியின் கணக்கிலோ அறுவை ஒரு வரிதான். மற்ற வரிகளுக்கெல்லாம் அவர் காசு கொடுக்கவேண்டியிருந்தது.

விடையைக் கேட்டபின் வேலையை மாற்றினார்கள். முகாம் நடக்கும் ஊருக்கு மருத்துவமனையின் பஸ் வரும். அறுவை வேண்டியவர்களை அன்றே ஏற்றிக்கொண்டு போகும். அங்கே உணவு, தங்குமிடம், மருந்து எல்லாம் மருத்துவமனையின் பொறுப்பு. முடிந்ததும் அதே ஊரில் கொண்டுவந்து இறக்கிவிடும். ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாகப் போவதால் தனித்துணை தேவையில்லை. அச்சமும் பாதியாகக் குறைகிறது. மூக்குக் கண்ணாடி மட்டும் வேண்டியவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதோடு நில்லாமல், கண்ணாடியும் சட்டமும் முகாமுக்கே கொண்டுபோய் அங்கேயே வெட்டிப் பொருத்திக் கொடுக்கத் தொடங்கினார்கள். சீட்டோடு வீட்டுக்குப் போனவர் கடைக்குப் போவதில்லை என்பதை அதற்குள் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

தவளக்குப்பத்துக்குப் போய்வந்த எங்கள் ஊர்க்காரர்களை நான் விசாரிப்பதுண்டு. அவர்கள் டாக்டரின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. எந்த வாசலில் நுழைவது, அடுத்து எங்கே போவது என்று கேட்காமலே ஒரு பெண்பிள்ளை கையைப் பிடித்து அழைத்துப்போனாள் என்பதைத்தான் சொல்லுகிறார்கள். கண் தெரியாதவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை என்ன?

அந்தப் பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டாண்டு பயிற்சி கொடுக்கிறார்கள். பார்வை அளப்பது, அறுவைக்கு ஆயத்தம் செய்வது, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது ஆகிய பல வேலைகள் அவர்கள் கையில். டாக்டர் தம் நேரத்தைத் தாம் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கு வைத்துக்கொள்ள இது உதவுகிறது. வேறொரு நன்மையும் இருக்கிறது. என் கருத்தில் அதுவே பெரிது. வந்து நிற்கும் கிழவியைப் போல அந்தப் பெண்ணின் வீட்டிலும் ஒரு பாட்டி இருக்கிறாள். கிழவி பேசும் பேச்சு அவளுக்கு வீட்டுப் பேச்சு. வாடிக்கைக்காரர்களை ஒத்த வீடுகளிலிருந்தே சிப்பந்திகளைத் தேர்ந்தெடுத்தால், புன்னகைக்கு வகுப்பு நடத்தவேண்டிய அவசியம் பெரிதும் குறையும்.

ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். பாடக் குறிப்பு எழுதும்போது, கற்பிக்கப்போவது என்ன என்பதற்கு முன்பே, மாணவர் முன்னறிந்தது என்ன என்று எழுதவேண்டும். பலரும் அதைச் சடங்காக நிரப்புவார்கள். ஆனால் அந்த ஒரு வரி பொய்யானால் மேற்கொண்டு எழுதிய பாடமெல்லாம் வீண். வியாபாரத்திலும் பணியாளருக்குக் கொடுக்கும் பயிற்சி இந்த வரியிலிருந்தே தொடங்கவேண்டும். வந்திருப்பவர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தார், எதைக் கண்டு அஞ்சுகிறார், திரும்பிப் போக எத்தனை மணிக்குப் பஸ்? இவற்றை அறியாத பணியாளரின் கனிவு, காது கேளாதவரிடம் மெல்லப் பேசுவது போன்றது.

பணம் கொடுப்பவரும் கொடுக்காதவரும் ஒரே நிறுவனத்துக்கு வரும்போது ஒரு சிக்கல் எழும். அதை அரவிந்த் மருத்துவமனை தீர்த்த விதம் என்னைச் சிந்திக்கவைத்தது. நீ ஏழைதானா, சான்றிதழ் எங்கே என்று கேட்பதில்லை. கட்டணப் பிரிவுக்குப் போவதா, இலவசப் பிரிவுக்குப் போவதா என்பதை வருபவரே தீர்மானிக்கிறார். வேறுபாடு இல்லாமல் இல்லை. பணம் கொடுப்பவருக்கு அறையும் கட்டிலும் உண்டு. இலவசப் பிரிவில் பலரோடு பொதுக்கூடத்தில் பாயில் படுக்கவேண்டும். ஆனால் டாக்டர்கள் இரண்டு பிரிவுக்கும் மாறி மாறி வருகிறார்கள். வசதியில் படி உண்டு. வைத்தியத்தில் படி இல்லை. வசதியுள்ளவர்கள் ஏமாற்றிவிடமாட்டார்களா என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். சிலர் ஏமாற்றலாம். அந்தச் சிலரைப் பிடிப்பதற்காக மற்ற எல்லாரையும் சந்தேகித்து வாசலில் நிறுத்துவதா, அல்லது அந்தச் சிலரால் வரும் நஷ்டத்தைத் தாங்கிக்கொள்வதா என்பது நிறுவனம் முடிவு செய்யவேண்டியது. நான் முன்பு சொன்ன அலுவலகம் முதல் வழியைத் தேர்ந்துகொண்டது.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? கட்டணப் பிரிவின் வரவு இலவசப் பிரிவையும் தாங்குகிறது. அதற்குக் கட்டணத்தை உயர்த்தவில்லை, செலவைக் குறைத்தார்கள். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் என்ற உணவுக் கடை ஒரே தரமான பண்டத்தை எந்த ஊரிலும் எந்தச் சிப்பந்தியைக் கொண்டும் கொடுப்பதைப் பார்த்து, கண் வைத்தியத்தையும் அப்படிச் செய்ய முடியாதா என்று டாக்டர் வெங்கடசாமி எண்ணினார். அறுவை அறையில் டாக்டருக்கு இரண்டு மேஜைகள். ஒன்றில் அறுவை நடக்கையில் மற்றொன்றில் அடுத்தவர் ஆயத்தமாக இருப்பார். இவ்வகையில் ஒரு டாக்டர் ஆண்டுக்கு 2000 அறுவை வரை செய்ய இயலுகிறது. எண்ணிக்கைக்காகத் தரம் போய்விடாமல் இருக்க, எந்த அறுவையில் என்ன சிக்கல் நேர்ந்தது என்று எழுதிவைத்து ஆராய்கிறார்கள்.

கண்ணுக்குள் வைக்கும் வில்லையின் கதையும் உண்டு. முன்பெல்லாம் புரையை எடுத்தபின் சோடாப்புட்டியின் அடிப்பாகம் போன்ற தடித்த கண்ணாடி போட்டுக்கொள்ளவேண்டும். கண்ணாடி உடைந்தால் மறுபடியும் குருடு. படகில் ஏறி இறங்குபவரிடம் அது எத்தனை நாள் தங்கும்? கண்ணுக்குள்ளேயே வில்லை வைக்கும் முறை வந்தது. ஆனால் இறக்குமதி வில்லை ஒன்றுக்கு நூறு டாலர் அளவில் விலை. பணம் கொடுப்பவருக்கு வில்லை, கொடுக்காதவருக்குச் சோடாப்புட்டி என்ற நிலை வந்துவிட்டது. வைத்தியத்தில் படி இல்லை என்று சொன்ன நிறுவனத்துக்கு அது பொறுக்கவில்லை. 1992-ல் மதுரையில் ஆரோலேப் என்ற தொழிற்சாலையை ஏற்படுத்தி வில்லையைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். விலை பத்து டாலருக்கும் கீழே இறங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த வில்லை போகிறது. டி.வி.எஸ். கரிவாயுக் கருவியைச் செய்ததும் இவர்கள் வில்லை செய்ததும் ஒரே வகையான செயல். கொடுத்த வாக்குக்கு இடையூறு எங்கே இருக்கிறதோ அங்கே போய் அதை நீக்குவது. அது தன் தொழில் அன்று என்று சொல்லாதது.

நோயாளியை வாடிக்கைக்காரர் என்று சொல்லலாமா என்று ஒரு சாரார் ஆட்சேபிப்பார்கள். அந்தச் சொல் எனக்கும் முழு நிறைவு தரவில்லை. மருத்துவமனையிலும் பள்ளிக்கூடத்திலும், கேட்டதையெல்லாம் கொடுப்பது தொண்டு ஆகாது. நோயாளி கேட்கும் மருந்தை எழுதுபவர் நல்ல டாக்டர் அல்லர். பெற்றோர் கேட்கும் மதிப்பெண்ணைப் போடுபவர் நல்ல ஆசிரியர் அல்லர். ஆனால் என்ன வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அறிவு டாக்டரிடம் இருக்கலாம்; வருவதற்கு என்ன தடை என்பதைச் சொல்லும் அறிவு நோயாளியிடம் மட்டுமே இருக்கிறது. இரண்டாவதைக் கேட்டறிவதில் யாருடைய மதிப்பும் குறைந்துபோகாது.

கேட்டறிவது ஒருமுறையோடு முடிகிற வேலையும் அன்று. பஸ் விட்டார்கள், சோறு போட்டார்கள், முகாம்கள் நிரம்பின. இத்துடன் மகிழ்ந்து உட்கார்ந்திருக்கலாம். 1999-ல் அந்த மருத்துவமனையைச் சார்ந்தவர்களும் வெளிநாட்டு அறிஞர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் கண் குறையுள்ளவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு பேரே முகாமுக்கு வருகிறார்கள் என்று காட்டியது. நிரம்பி வழிந்த முகாம் அது! வந்தவர்களை எண்ணியிருந்தால் வெற்றி விழாக் கொண்டாடியிருப்பார்கள். வாராதவர்களை எண்ணியதால் உண்மை தெரிந்தது. தம் நிறுவனத்தின் குறையைத் தாமே அளந்து, அதை உலகத்தார் படிக்கும் மருத்துவ இதழில் அச்சிட்டதை நான் மிக உயர்வாகக் கருதுகிறேன்.

எப்போதோ ஒரு நாள் வந்துபோகும் முகாமால் அன்றாடம் உள்ள குறைக்கு ஈடு செய்ய முடியாது என்பது விளங்கிற்று. ஆகவே 2004 முதல் சிற்றூர்களை ஒட்டிய இடங்களில் பார்வை மையங்களை அமைத்தார்கள். ஓரிரண்டு அறைகள், பயிற்சி பெற்ற பணியாளர்கள், கண்ணைப் படம் பிடிக்கும் கருவி. மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் கம்பியில்லாத் தொடர்பில் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். கண்ணாடி போதும் என்றால் அங்கேயே கிடைக்கும். அறுவை வேண்டியவர் மட்டும் நகரத்துக்குப் போனால் போதும். இன்று அத்தகைய மையங்கள் ஏறத்தாழ நூறு இருக்கின்றன. முகாமுக்கு ஒரு நாள் கூலியை இழந்து போகவேண்டியிருந்தவர், மாலையில் வேலை முடிந்து திரும்பும் வழியில் கண்ணைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

புதுவையில் கடை வைத்திருக்கும் அன்பர்கள் சிலர், நாங்கள் சிறியவர்கள், எங்களால் ஆய்வு நடத்த முடியுமா என்று கேட்கக்கூடும். பெரிய ஆய்வு வேண்டாம். ஓர் ஆண்டாகக் கடைப்பக்கம் காணாத பழைய வாடிக்கைக்காரர்கள் பத்துப் பேரின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கல்லாவில் உட்காரும் நீங்களே போகாமல், சரக்கு மடித்துக் கொடுக்கும் பையனையும் உடன் அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போங்கள். ஏன் வரவில்லை என்று கேளுங்கள். விலை என்று இருவர் சொல்லலாம். படி உயரமாக இருக்கிறது, ஏற முடியவில்லை என்று ஒரு மூதாட்டி சொல்லலாம். சில்லறை இல்லை என்று ஒருமுறை எரிந்து விழுந்தீர்கள் என்று ஒருவர் சொல்லலாம். அதைச் சொன்னது நீங்களா, உடன் வந்த பையனா என்பது அப்போது தெரியும். பதில் சொல்லி வாதாடவேண்டாம். திரும்பி வந்ததும் முதலில் அந்தப் படியைத் தாழ்த்துங்கள்.